கைக்கேற்ற கருவி எது?

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

செருப்பு வாங்கக் கடைக்குச் சென்றால் காலை நீட்டுகிறோம். வளையல் வாங்கச் சென்றால் கையை நீட்டுகிறோம். அளவு பாராமல் இவற்றை வாங்குவோர் எவருமில்லை. ஆனால் நாள்தோறும் பல மணி நேரம் கையில் பிடித்திருக்கும் கணிப்பொறி மவுஸை வாங்கும்போது மட்டும் நாம் யாரும் கையை எண்ணிப் பார்ப்பதில்லை. கடைக்காரர் கொடுப்பதை வாங்கி வந்து விடுகிறோம். மவுஸுக்கு மாற்றாக டிராக்பால் என்றொரு கருவி உண்டு. அது என்ன, எப்படி இயங்குகிறது, யாருக்கு ஏற்றது, வாங்குமுன் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்து எழுதவில்லை. எங்கள் வீட்டில் ஒரு தவறு செய்து, அதன் பின்னரே கற்றுக் கொண்டேன்.

டிராக்பால் என்பது யாது?

மவுஸை நாம் மேசைமீது நகர்த்துகிறோம். அது நகரும் பக்கமே திரையில் அம்புக்குறியும் நகர்கிறது. டிராக்பாலோ வைத்த இடத்தை விட்டு அசையாது. அதன் மேற்புறத்தில் ஒரு குழியும், குழிக்குள் ஒரு பந்தும் இருக்கும். அப்பந்தை விரலால் உருட்டினால் அம்புக்குறி நகரும். பொத்தான்கள் பந்தின் அருகிலேயே இருக்கும்.

இதனை நான் என் பாட்டிக்கு விளக்கியபோது, "அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் உள்ள வித்தியாசந்தானே!" என்றார்கள். அம்மியில் குழவியோடு தோளும் கையும் முன்னும் பின்னும் போய் வர வேண்டும். ஆட்டுக்கல்லிலோ குழவி தன் குழிக்குள்ளேயே சுழலும். பாட்டி சொன்ன உவமையைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

அக்காள் யார்? தங்கை யார்?

மவுஸ் முதலில் தோன்றியது, டிராக்பால் பின்னர் வந்தது என்றே நானும் எண்ணியிருந்தேன். உண்மை அதற்கு நேர்மாறானது. இங்கிலாந்துக் கடற்படையின் அறிவியல் பிரிவில் பணியாற்றிய ரால்ஃப் பெஞ்சமின் என்பவர் 1946-ஆம் ஆண்டில், ரேடார் திரையில் ஓர் இடத்தைச் சுட்டிக் காட்டுவதற்காக ஓர் உருள் பந்துக் கருவியை அமைத்தார். ஓர் உலோகப் பந்து, ரப்பர் பூசிய இரு சக்கரங்களின்மேல் உருளும்படி அது அமைந்திருந்தது. 1947-இல் அதற்குக் காப்புரிமை கோரப்பட்டது. ஆயினும் அது இராணுவ இரகசியமாக இருந்தபடியால் உலகம் அதனை அறியவில்லை. பெஞ்சமின் ஜெர்மனியில் பிறந்து, 1939-இல் இளைஞராக இங்கிலாந்துக்கு அகதியாக வந்தவர் என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

அடுத்து, கனடா நாட்டுக் கடற்படைக்காக 1952-ஆம் ஆண்டளவில் டாம் கிரான்ஸ்டன், ஃபிரெட் லாங்ஸ்டாஃப், கென்யன் டெய்லர் ஆகியோர் தாமே ஒரு டிராக்பாலை உருவாக்கினர். அதற்கென அவர்கள் எடுத்துக் கொண்டது, அந்நாட்டில் பந்துருட்டி விளையாடப் பயன்படும் ஒரு சாதாரணப் பந்து!

மவுஸின் முதல் மாதிரியை அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட், பில் இங்கிலிஷ் ஆகியோர் 1964-இல் மரத்தால் செய்தனர். 1968-இல் ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனமும் ஒரு மவுஸை வெளியிட்டது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கென அந்நிறுவனம் முன்பே ஒரு டிராக்பாலைச் செய்திருந்தது. அதனைத் தலைகீழாகக் கவிழ்த்தால் மேசைமீது உருட்டலாமே என்ற எண்ணத்தில் பிறந்ததே அந்த மவுஸ். ஆகவே டிராக்பாலே அக்காள். மவுஸ் தங்கை.

1981-இல் வெளிவந்த செண்டிபீட் என்னும் புகழ்பெற்ற வீடியோ விளையாட்டை டிராக்பாலை உருட்டியே ஆட வேண்டும். அதனை உருவாக்கிய இருவருள் ஒருவர் டோனா பெய்லி என்னும் பெண்மணி என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்தி. 1991-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட பவர்புக் மடிக்கணினிகளிலும் விசைப்பலகையின் முன்புறம் ஒரு டிராக்பால் இருந்தது. மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும் கருவியைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் பலகையிலும் பெரும்பாலும் ஒரு பந்து பதிக்கப்பட்டிருக்கும். மருத்துவர் ஒரு கையால் நோயாளியின் உடல்மீது கருவியைப் பிடித்துக் கொண்டு, மறு கையால் பந்தை உருட்டுகிறார். அங்கு மவுஸை நகர்த்த இடம் ஏது?

இயங்கும் விதம்

பழைய டிராக்பாலில் பந்தை ஒட்டி இரண்டு சிறு உருளைகள் இருந்தன. ஒன்று இட வல அசைவையும், மற்றொன்று மேல் கீழ் அசைவையும் அளந்தன. புதியவற்றில் பந்துக்குக் கீழே ஒரு சிறு விளக்கும், கண் போன்ற ஓர் உணர்கருவியும் உள்ளன. அது பந்தின் மேற்பரப்பை விநாடிக்குப் பலமுறை படம் பிடித்து, முன் படத்தையும் பின் படத்தையும் ஒப்பிட்டுப் பந்து எப்பக்கம் உருண்டது என்று கண்டு கொள்கிறது. பந்து குழிக்குள் மூன்று சிறு மணிகளின்மேல் அமர்ந்திருப்பதால் எளிதாகச் சுழல்கிறது.

எங்கள் வீட்டு அனுபவம்

என் அம்மா ஓர் அச்சகத்துக்காக வீட்டிலிருந்தபடியே கணிப்பொறியில் திருமண அழைப்பிதழ்களையும் நோட்டீசுகளையும் அமைத்துக் கொடுக்கிறார்கள். ஆவணி மாதம் வந்துவிட்டால் இரவு பதினொரு மணிவரை வேலை இருக்கும். சென்ற ஆண்டு ஆவணியில் அம்மாவின் வலக்கையில் வலி உண்டாயிற்று. குடத்தைத் தூக்கவும், என் தங்கைக்குத் தலை பின்னவும் சிரமப்பட்டார்கள். எங்கள் பள்ளிக் கட்டணத்தில் ஒரு பகுதி அந்தக் கையால்தான் வருகிறது. ஆகவே வலியை வெளியில் சொல்லாமல் இருந்தார்கள்.

டிராக்பால் கைக்கு நல்லது என்று எங்கோ படித்த நான், மாமாவிடம் சும்மா கிடந்த ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். பெருவிரலால் பந்தை உருட்டும் வகை அது. "நீங்கள் இதைத்தான் பழக வேண்டும்" என்று அம்மாவிடம் பிடிவாதமாகக் கூறினேன். அம்மாவும் எனக்காகப் பழகினார்கள். ஐந்தாம் நாள் இரவு, கையை வெந்நீரில் வைத்துக் கொண்டு அம்மா உட்கார்ந்திருந்ததைக் கண்டேன். வலி முன்பைவிட மிகுந்திருந்தது.

மறுநாள் எங்கள் கணிப்பொறி ஆசிரியையான சிஸ்டரிடம் சென்று நடந்ததைக் கூறினேன். அவர்கள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். "அம்மாவுக்குக் கையில் எந்த இடத்தில் வலி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கருவியைப் பற்றி இரண்டு பக்கம் குறிப்பெடுத்திருந்தேன். அம்மாவின் கையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வெட்கத்தால் தலை குனிந்து நின்றேன். "முதலில் அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல். பிறகு ஒரு நாள் மாலை அம்மாவின் அருகில் உட்கார்ந்து கையை மட்டும் கவனி" என்றார்கள் சிஸ்டர்.

கவனித்தபோது தெரிந்தவை

அப்பா அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். வலி பெருவிரலின் அடியில் இருப்பதாகவும், பெருவிரலுக்கு ஓய்வு தர வேண்டும் என்றும் மருத்துவர் கூறினார். அரை மணிக்கு ஒருமுறை கையை எடுத்துவிட வேண்டும், மணிக்கட்டை வளைக்காமல் நேராக வைக்க வேண்டும் என்றும் சொன்னார். வலிக்கும் விரலுக்கே நான் மேலும் வேலை கொடுத்திருக்கிறேன்!

பின்னர் ஒரு மாலை முழுதும் நோட்டுப் புத்தகத்துடன் அம்மாவின் அருகில் அமர்ந்தேன். மூன்று செய்திகள் புலனாயின. விசைப்பலகை அகலமாக இருந்ததால் மவுஸ் வெகுதூரம் வலப்புறம் தள்ளியிருந்தது. அதனால் அம்மாவின் முழங்கை உடலை விட்டு விலகியே இருந்தது. இரண்டாவதாக, மேசையில் காகிதக் கட்டுகள் நிறைந்து, மவுஸ் நகர ஒரு சாண் இடமே இருந்தது. மூன்றாவதாக, படங்களையும் எழுத்துகளையும் பொத்தானை அழுத்தியபடியே இழுத்து வைக்கும் வேலை மிக அதிகம்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

1. எந்த விரல்? டிராக்பால் இரு வகைப்படும். ஒன்று பெருவிரலால் உருட்டுவது. மற்றொன்று ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றால் உருட்டுவது. பெருவிரல் வகை மவுஸின் வடிவத்தையே ஒத்திருப்பதால் விரைவில் பழகிவிடும். ஆனால் பெருவிரலில் வலி உள்ளோர்க்கு அது ஆகாது.

2. எந்தக் கை? பெருவிரல் வகையில் பெரும்பாலானவை வலக்கைக்கு மட்டுமே பொருந்தும். இருபுறமும் ஒரே வடிவமாக உள்ள விரல் வகையை இடக்கையாலும் பயன்படுத்தலாம். இடக்கைப் பழக்கமுள்ள தோழியர் இதனை மறத்தலாகாது.

3. பந்தின் அளவு. லாஜிடெக் நிறுவனத்தின் எர்கோ எம்575 என்னும் பெருவிரல் வகையின் பந்து 34 மில்லிமீட்டர் குறுக்களவு உடையது. கென்சிங்டன் நிறுவனத்தின் எக்ஸ்பர்ட் மவுஸ் என்னும் விரல் வகையின் பந்து 55 மில்லிமீட்டர். பெரிய பந்தை இரண்டு மூன்று விரல்களால் நிதானமாக உருட்டலாம். ஆனால் கருவி மேசையில் அதிக இடத்தை அடைக்கும், உயரமாகவும் இருக்கும். மணிக்கட்டு மேல்நோக்கி வளையாதிருக்க, அடியில் ஒரு துணி மடிப்பு வைத்துக் கொள்ளலாம்.

4. என்ன வேலை? 1991-இல் மெக்கன்சி, செல்லன், பக்ஸ்டன் என்னும் ஆய்வாளர் மூவர் மவுஸையும் டிராக்பாலையும் ஒப்பிட்டனர். சுட்டுதல், இழுத்தல் ஆகிய இரு வேலைகளிலும் டிராக்பால் பின்தங்கியது. இழுக்கும்போது பிழைகளும் மிகுந்தன. பொத்தானை அழுத்திக் கொண்டே பந்தையும் உருட்டுவது கடினம் அன்றோ! இதற்கு ஒரு வழி உண்டு. விண்டோஸில் மவுஸ் அமைப்புப் பகுதியில் 'கிளிக்லாக்' என்னும் வசதி இருக்கிறது. பொத்தானைச் சற்று நேரம் அழுத்தி விட்டுவிட்டால் அது அழுத்தியதாகவே நிற்கும். மீண்டும் ஒருமுறை அழுத்தினால் விடுபடும்.

5. சுத்தம் செய்ய இயலுமா? அந்த மூன்று மணிகளிலும் விரலின் எண்ணெய்ப் பசையும் தூசியும் சேர்ந்து பந்து தடுமாறும். பந்தை வெளியே எடுத்துத் துடைக்கும்படி அமைந்ததையே வாங்க வேண்டும். பல கருவிகளில் அடிப்புறத் துளையில் பேனாவை நுழைத்துத் தள்ளினால் பந்து வந்துவிடும்.

6. தொட்டுப் பார்க்காமல் வாங்கலாகாது. கையை வைத்துப் பார்க்க அனுமதிக்கும் கடையில் வாங்குவதே நன்று.

என்ன முடிவு செய்தோம்?

எங்கள் வீட்டுச் செலவுக்கு அது பெரிய தொகைதான். ஆகவே இந்த ஆறு குறிப்புகளையும் எழுதி எடுத்துக் கொண்டு அப்பாவும் அம்மாவும் நானும் கடைக்குச் சென்றோம். அம்மா அரை மணி நேரம் உருட்டிப் பார்த்தார்கள். முடிவில் இருகைக்கும் பொருந்தும் பெரிய பந்து வகையை வாங்கினோம். விசைப்பலகையையும் எண் விசைகள் இல்லாத சிறியதாக மாற்றினோம். காகிதக் கட்டுகள் அலமாரிக்குச் சென்றன.

காலையில் வலக்கை, மாலையில் இடக்கை என்று அம்மா பழகிக் கொண்டார்கள். முதல் இரண்டு வாரம் வேலை மெதுவாகவே நடந்தது. வலி மாயமாய் மறைந்துவிட்டது என்று நான் பொய் கூற மாட்டேன். மிக நுட்பமான இழுப்பு வேலைக்கு அம்மா இன்றும் பழைய மவுஸையே எடுக்கிறார்கள். அரை மணிக்கு ஒருமுறை "அம்மா, கையை எடுங்கள்!" என்று குரல் கொடுப்பது என் தங்கையின் வேலை. தை மாதத்தில் மறுபடியும் அம்மாவே அவளுக்குத் தலை பின்னி விட்டார்கள். இரட்டைப் பின்னல்.

முடிவுரை

மவுஸ் தாழ்ந்தது, டிராக்பால் உயர்ந்தது என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இடம் குறைவாக உள்ளோர்க்கும், தோளையும் முழங்கையையும் அசைக்க இயலாதோர்க்கும் டிராக்பால் நல்ல துணை. விரைந்து இழுக்கும் வேலை மிகுந்தோர்க்கு மவுஸே ஏற்றது. வலி உள்ளோர்க்கு மருத்துவரின் அறிவுரையும் ஓய்வும் முதன்மையானவை. கருவி அவற்றுக்குப் பின்னரே.

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டிலும் நாள் முழுதும் உழைக்கும் கைகள் உண்டு. தையல் இயந்திரத்தில், கணிப்பொறியில், அடுக்களையில் அவை ஓயாமல் இயங்குகின்றன. அவற்றுக்கு ஏதேனும் வாங்கித் தர விரும்பினால், கடைக்குச் செல்லுமுன் அந்தக் கைகளின் அருகில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து கவனியுங்கள். எந்த இடத்தில் வலிக்கிறது என்று கேளுங்கள். கைக்கேற்ற கருவி எது என்பது அதற்குப் பின்னர் தானே விளங்கும்.