சியோலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கதிர்,

பயிற்சிக்கு நடுவே சியோலில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு, கையில் காசும் அதிகம் இருக்காது என்று எழுதியிருந்தாய். அப்படியானால் நகரத்தின் நடுவே ஓடும் சொங்கேச்சொன் ஓடைக்குப் போ. டிக்கெட் கிடையாது. மெட்ரோ ஐந்தாம் தடத்தில் குவாங்வாமுன் நிலையத்தில் இறங்கினால், கொஞ்ச தூரத்தில் ஓடை தொடங்கும் சதுக்கம் வந்துவிடும். அங்கே சிவப்பும் நீலமுமாய் முறுக்கிக்கொண்டு 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு சங்குச் சிற்பம் நிற்கும். படம் எடுத்துக்கொள். ஆனால் வருகிறவர்களில் பலர் அங்கேயே சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்; நீ கிழக்கே நட. மீட்டெடுத்த பகுதி மொத்தம் 5.8 கிலோமீட்டர்.

தொடக்கத்திலேயே ஒரு சிறு அருவி கொட்டும். அது மலையிலிருந்து வருவதல்ல. இந்த ஓடை பழைய நாளிலும் மழை இல்லாத மாதங்களில் வறண்டு கிடந்ததுதான். இன்று நாள்தோறும் சுமார் 1,20,000 டன் தண்ணீரை, பெரும்பாலும் ஹான் ஆற்றிலிருந்து, எக்கி மேலே கொண்டுவந்து விடுகிறார்கள். சுரங்க ரயில் பாதைகளில் ஊறும் நீரும் இதில் அடக்கம். இது ஓடையா, நீளமான செயற்கை நீரூற்றா என்று சுற்றுச்சூழல்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் ஆகஸ்ட் வெயிலில் கீழே இறங்கிக் காலை நனைத்துப் பார். பக்கத்துச் சாலைகளைவிட இங்கே வெப்பம் சில டிகிரி குறைவு என்று அளந்தே சொல்லியிருக்கிறார்கள்.

கரைச் சுவரில் வரிசையாக மடல் கதவுகள் தெரியும். பெருமழையில் தெருத் தண்ணீர் சாக்கடையோடு கலந்து அந்த வழியாகத்தான் உள்ளே பாயும். மட்டம் மளமளவென்று ஏறிவிடும். தூறல் தொடங்கியதும் வேடிக்கை பார்க்காமல் மேலே ஏறிவிடு. காவலர்கள் வழியை அடைப்பதும் அதனால்தான்.

சில நிமிட நடையில் குவாங்தொங்கியோ பாலம். அதன் அடியில் கட்டாயம் நின்று பார். 1410-இல் மன்னர் தேஜோங் தன் சிற்றன்னையின் கல்லறைக் கற்களைப் பெயர்த்து இதைக் கட்டினார். அரியணைப் போட்டியில் அந்த அம்மையார் தன் மகன் பக்கம் நின்ற கோபம். நுணுக்கமாகச் செதுக்கிய கற்களில் சில தலைகீழாக இருக்கும். அரண்மனைகளைச் சுற்றினாலும் இவ்வளவு பச்சையான பகையை நீ பார்க்க முடியாது.

கொரியப் போருக்குப் பிறகு கரையெங்கும் அகதிகளின் பலகைக் குடிசைகள், ஓடை சாக்கடையானது. 1958 முதல் அதைக் காங்கிரீட்டால் மூடினார்கள், அதன் மேல் உயர்சாலையும் எழுந்தது. நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை, சாலை அரித்துப்போய் கனரக வாகனங்களுக்குத் தடை வந்தது. பெருஞ்செலவில் பழுது பார்ப்பதா, இடிப்பதா? அப்போதைய மேயர் லீ ம்யூங்-பாக் இடித்தார். 2003 ஜூலையில் வேலை தொடங்கியது. 2005 அக்டோபர் 1-இல் ஓடை திறக்கப்பட்டது. பின்னாளில் அவர் நாட்டின் அதிபரே ஆனார். போக்குவரத்து நிலைகுலையாமல் போனதற்கு, 2004-இல் பேருந்துத் தடங்களை அடியோடு மாற்றியமைத்ததும் ஒரு காரணம். சுற்றுலாக் கையேடுகள் பேருந்தைச் சொல்வதில்லை, ஓடையை மட்டும் சொல்கின்றன.

பசித்தால் குவாங்ஜாங் சந்தைக்கு ஏறு. பாசிப்பயறை அரைத்துச் சுட்டுத் தரும் பிண்டேதொக் நம் அடைக்கு அக்காள் தங்கை மாதிரி. பலவற்றில் பன்றியிறைச்சி இருக்கும், கேட்டு வாங்கு.

அதைத் தாண்டினால் பியோங்வா சந்தை. அங்கே ஓடையைக் கடக்கும் பாலத்தில் ஓர் இளைஞனின் மார்பளவுச் சிலை இருக்கும்: ஜொன் தே-இல், தையல் தொழிலாளி. மேலே உயர்சாலை வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், இந்தக் கட்டடங்களின் தாழ்வான அறைகளில் சின்னப் பெண்கள் இரவு பகலாகத் தைத்தார்கள். இருக்கிற தொழிலாளர் சட்டத்தையாவது கடைப்பிடியுங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்தான். 1970 நவம்பர் 13 அன்று தன் மேல் தீ வைத்துக்கொண்டான். வயது 22. நீயும் ஆலையில் வேலை செய்பவன், அங்கே ஒரு நிமிடம் நில்.

ஓடைக்காக அகற்றப்பட்ட நடைபாதை வியாபாரிகளுக்குப் பக்கத்து தொங்தேமுன் மைதானத்தில் இடம் கொடுத்தார்கள். பிறகு அதையும் இடித்து, ஜாஹா ஹதீத் வடிவமைத்த வெள்ளி நிறக் கட்டடத்தை 2014-இல் திறந்தார்கள். வியாபாரிகள் மறுபடியும் மூட்டை கட்டினார்கள். இலவசமாக நடக்கிற நமக்காக யார் யார் விலை கொடுத்தார்கள் என்பதும் இந்த வழியில்தான் தெரியும்.

இதற்கப்பால் கூட்டம் குறையும், நாணல் அடரும், கொக்கும் தென்படும். ஓடை நடுவே மூன்று காங்கிரீட் தூண்கள் மொட்டையாய் நிற்கும். இடித்த உயர்சாலையின் மிச்சம், நினைவுக்காக வேண்டுமென்றே விட்டுவைத்தவை. எனக்கு அந்தச் சங்குச் சிற்பத்தைவிட இவைதான் பிடிக்கும்.

இன்னும் கீழே சொங்கேச்சொன் அருங்காட்சியகம், அதுவும் இலவசம். திங்கட்கிழமைதான் விடுமுறை, உனக்குக் கவலையில்லை. திரும்ப யோங்து நிலையம் பக்கம். அது இரண்டாம் தடத்தின் கிளைப்பாதை, சொங்சூவில் மாற வேண்டியிருக்கும். தேய்ந்த செருப்போடு போகாதே.

அன்புடன்,
அத்தை