இளம்பெண்களைப் பீடிக்கும் பெருந்தமனி நோய்

ஏரி நிறைந்திருந்தும் தலைவாய்க்கால் குறுகிப் போனால் கடைமடை காய்ந்துவிடும் என்பது வாலிகண்டபுரத்துக் குடியானவர்கள் நன்கறிந்ததே. நம் உடலிலும் அத்தகைய தலைவாய்க்கால் ஒன்று உண்டு. இருதயத்திலிருந்து புறப்பட்டு, வயிற்றினுள் இறங்கிக் கிளைகளாகப் பிரியும் பெருந்தமனியே அது. அதன் சுவர் அழற்சியால் தடித்து, உள்வழி குறுகிவிடும் அரிய நோய் ஒன்றை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

இதற்குத் தகயாசு நோய் என்று பெயர். 1908-ஆம் ஆண்டில் மிகிட்டோ தகயாசு என்னும் ஜப்பானியக் கண் வைத்தியர், ஓர் இளம்பெண்ணின் கண்ணில் கண்ட மாறுதல்களை எடுத்துரைத்தார். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தமனிச் சுவரைத் தாக்குவதால் இந்நோய் விளைகிறது. இது தொற்றுநோய் அன்று. நாற்பது வயதுக்குட்பட்ட பெண்களிடமே பெரும்பாலும் தோன்றுகிறது. ஜப்பானில் கழுத்துக்கும் கைகளுக்கும் செல்லும் கிளைகள் அதிகம் பழுதடைகின்றன. நம் நாட்டிலோ வயிற்றுப் பகுதியும் சிறுநீரகத் தமனிகளும் குறுகுவதே மிகுதி.

சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்தம் குறைந்தால் இரத்த அழுத்தம் ஏறும். எனவே இருபது வயதுப் பெண்ணுக்கும் கடுமையான இரத்தக் கொதிப்பு உண்டாகலாம். ஓயாத தலைவலியையும் சோர்வையும் தறியில் உட்கார்ந்த களைப்பென்று தள்ளிவிடலாகாது. இரு கைகளிலும், இயன்றால் காலிலும், அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும். கைக்குக் கை மிகுந்த வேற்றுமை இருப்பதும், நாடித்துடிப்பு ஒரு கையில் மெலிந்திருப்பதும் முக்கியமான அறிகுறிகளாம்.

நோய் கண்டவரின் எதிர்காலம் என்ன? திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்து வைத்தியர்கள் 88 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, 1989-இல் முடிவுகளை வெளியிட்டனர். நோய்க்குறி தோன்றிப் பத்தாண்டுகள் சென்ற பின்னும் நூற்றுக்குச் சுமார் 84 பேர் உயிரோடிருப்பர் என அவர்கள் கணக்கிட்டனர். கடுங்கொதிப்பும் இருதயப் பழுதும் உடையோருக்கே ஆபத்து அதிகம் என்றும் கண்டனர். ஆகவே கொதிப்பை அடக்குவதே ஆயுளைக் காப்பதாகும்.

அழற்சியைத் தணிக்க ஸ்டீராய்டு முதலிய மருந்துகள் உண்டு. குறுகிய தமனியைப் பலூன் கொண்டு விரிக்கவும், தேவையானால் ஸ்டென்ட் பொருத்தவும் இயலும். தணிந்த நோய் மீண்டும் தலைதூக்கக்கூடுமாதலால், வைத்தியரைக் கேளாமல் மருந்தை நிறுத்துதல் கூடாது. பல்லாண்டுகள் தொடர்ந்து பரிசோதித்து வருதல் அவசியம்.

சங்கக் கூட்டத்திற்கு வரும் அங்கத்தினர்கள் இச்செய்தியைத் தம் வீட்டுப் பெண்களுக்கும் எடுத்துச் சொல்வார்களாக. இளவயதில் கொதிப்பு வருமா என்று ஐயுறாமல், ஒரு முறை அளந்து பார்த்தலே அறிவுடைமை.