பழைய தச்சு மெஷின் வாங்குவோர் கவனத்திற்கு



சொந்தமாகத் தச்சுப் பட்டறை வைக்க நினைப்பவர்கள் பலர், இழைப்பு, அறுப்பு, துளையிடுதல் ஆகிய மூன்றையும் ஒரே மோட்டாரில் செய்யும் மெஷினைப் பழைய விலைக்குத் தேடுகிறார்கள். புதியது கைக்கு எட்டாதபோது பழையது வாங்குவதில் தவறில்லை. ஆனால் பல கை மாறி வந்த மெஷினில் எது அதனுடைய சொந்தப் பாகம், எது பிறகு மாட்டியது என்பது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். தச்சருக்கு விரல் போனால் பிழைப்பே போய்விடும். ஆகவே சுவிட்சைப் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை வரிசையாகத் தருகிறோம்.

1. மெஷினை அடையாளம் காணுதல்

மேலே பூசிய பெயிண்டையும் ஒட்டிய பெயரையும் நம்ப வேண்டாம். மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, மோட்டாரில் உள்ள தகடு. குதிரைத்திறன், வோல்ட், சிங்கிள் பேஸா திரீ பேஸா, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதெல்லாம் அதில் இருக்கும். இரண்டாவது, மோட்டார் புல்லி, ஷாஃப்ட் புல்லி இரண்டின் விட்டம். மூன்றாவது, இழைப்புக் கத்திகளைத் தாங்கும் உருளை.

இந்த உருளை வட்டமாக இருக்க வேண்டும். சதுரமாக இருந்தால் அந்த மெஷினை அப்படியே ஓட்டக் கூடாது. சதுர உருளைக்கும் டேபிளுக்கும் நடுவே பெரிய இடைவெளி விழும். கை தவறினால் விரல் ஆழமாக உள்ளே இழுக்கப்படும். கையால் மரம் தள்ளி இழைக்கும் மெஷினில் வட்ட உருளைதான் இருக்க வேண்டும் என்று பிரிட்டனில் 1922-லேயே விதி செய்துவிட்டார்கள்.

2. வேகத்தைக் கணக்கிடுதல்

மோட்டாரின் சுற்றை மோட்டார் புல்லியின் விட்டத்தால் பெருக்கி, ஷாஃப்ட் புல்லியின் விட்டத்தால் வகுத்தால் ஷாஃப்ட்டின் வேகம் கிடைக்கும். மோட்டார் 1440 சுற்று, அதன் புல்லி 6 அங்குலம், ஷாஃப்ட் புல்லி 2 அங்குலம் என்றால், ஷாஃப்ட் 4320 சுற்று ஓடும்.

பழைய மோட்டார் எரிந்துபோய், யாரோ 2880 சுற்று மோட்டாரை அதே புல்லியுடன் மாட்டியிருந்தால்? வேகம் 8640 ஆகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. அந்த வேகத்தில் கத்தி கழன்று பறக்கலாம், ரம்பத்தின் பல் சிதறலாம். ரம்பத்தின் மேலேயே அது தாங்கும் அதிகபட்ச சுற்று அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் கணக்கு அதைத் தாண்டினால் புல்லியை மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

3. கத்தியும் டேபிளும்

மின் இணைப்பைத் துண்டித்துவிட்டே இந்த வேலையைச் செய்யுங்கள். கத்தி உருளைக்கு வெளியே ஏறக்குறைய 1 மி.மீ. நீண்டால் போதும். மரம் வெளியேறும் பக்கத்து டேபிளில் நேரான ஒரு ரீப்பரை வைத்து, உருளையைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். ஒவ்வொரு கத்தியும் ரீப்பரை லேசாக உரசிச் செல்ல வேண்டும். ஒன்று தூக்கியும் ஒன்று உரசாமலும் இருந்தால் சரிசெய்யுங்கள். கத்திகள் ஒரே அகலமும் ஒரே எடையும் உள்ளவையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெஷின் அதிர்ந்து பேரிங் போய்விடும்.

4. மின் இணைப்பு

உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த்துடன் இணையுங்கள். வெறும் சுவிட்ச் போதாது. பொத்தான் ஸ்டார்ட்டர் வேண்டும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால், பொத்தானை அழுத்தாமல் மெஷின் தானாக ஓடக் கூடாது. நிறுத்தும் பொத்தான் நிற்கும் இடத்திலிருந்தே கைக்கு எட்ட வேண்டும்.

ரம்பத்தின் முன்பக்கப் பற்கள், அதாவது நமக்கு அருகில் உள்ளவை, கீழ்நோக்கி இறங்க வேண்டும். திரீ பேஸ் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் எலக்ட்ரீஷியன் இரண்டு பேஸ் வயர்களை இடம் மாற்றித் தருவார்.

5. தடுப்புகள்

இந்த வகை மெஷின்களில் பெரும்பாலும் ஒரே ஷாஃப்ட்டில்தான் இழைப்பு உருளையும் ரம்பமும் இருக்கும். ஒன்றில் வேலை நடக்கும்போது மற்றதும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே பயன்படுத்தாத பக்கத்தை முழுவதும் மூடி வையுங்கள். இருவர் ஒரே நேரத்தில் இரு பக்கமும் வேலை செய்யக் கூடாது.

அறுக்கும்போது மரம் மூடிக்கொண்டு ரம்பத்தைப் பிடித்தால், அது நம் வயிற்றை நோக்கித் திரும்பி அடிக்கும். இதைத் தடுக்க ரம்பத்தின் பின்னால் ஒரு தகடு நிற்க வேண்டும். பழைய மெஷினில் அது காணாமல் போயிருந்தால் செய்து மாட்டுங்கள். அது ரம்பத் தகட்டைவிடச் சற்றுத் தடிமனாகவும், அறுப்பின் அகலத்தைவிடச் சற்று மெலிதாகவும், பற்களிலிருந்து 8 மி.மீ.க்கு மேல் தள்ளாமலும் இருக்க வேண்டும். பெல்ட்டுக்கும் புல்லிக்கும் மூடி போடுங்கள். சுழலும் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 21ஆம் பிரிவில் சொன்னது. சிறு பட்டறை சட்டத்துக்குள் வராவிட்டாலும், விரலுக்கு ஆபத்து ஒன்றுதான்.

6. முதல் ஓட்டம்

மரம் வைக்காமல், ரம்பத்துக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நின்று 5 நிமிடம் ஓட்டுங்கள். அதிர்வோ புதுச் சத்தமோ இருந்தால் உடனே நிறுத்துங்கள். சுற்று முழுவதும் நின்ற பிறகு பேரிங் சூட்டைத் தொட்டுப் பாருங்கள். தோளில் துண்டு, தொங்கும் சட்டைக் கை, கையுறை எதுவும் வேண்டாம். ஓரடிக்குக் குறைந்த துண்டை இழைக்காதீர்கள். சிறு துண்டுகளை அறுக்கும்போது விரலால் தள்ளாமல் தள்ளு கட்டையைப் பயன்படுத்துங்கள்.

விலை பேசும்போது மெஷினின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஸ்டார்ட்டர், மூடிகள், பின் தகடு, புதுக் கத்தி ஆகியவற்றின் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகைக்கும் கையில் பணம் இருந்தால்தான் அந்த மெஷின் உங்களுக்குக் கட்டுப்படியாகும்.