எந்தத் தையல் உறுதி?

கேள்வி: வயது 41. ஷட்டில் ஆடும்போது யாரோ பின்னங்காலில் உதைத்தது போலிருந்தது. திரும்பினால் ஆளே இல்லை. அக்கிலிஸ் தசைநாண் முழுக்க அறுந்துவிட்டதாம். ஒரு டாக்டர், திறந்து 'கிராக்கோ' தையல் போட்டால்தான் பலம் என்கிறார். இன்னொருவர், சின்னத் துளைகள் வழியாகத் தைத்தாலே போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், ஈரோடு

பதில்: முதல் டாக்டர் சொல்லும் பலம் சோதனைக்கூடத்தில் அளந்தது. தானமாக வந்த உடல்களின் தசைநாணை அறுத்து, விதவிதமாகத் தைத்து, இயந்திரத்தில் மாட்டி இழுப்பார்கள். எந்த விசையில் பிய்கிறது, அதற்குமுன் எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். இந்தப் பரீட்சையில் கெஸ்லர், பனெல் தையல்களைக் கிராக்கோ முந்தியது. அதன் நூல் தசைநாணின் ஓரங்களில் வளையம் வளையமாகப் பூட்டிக்கொண்டே போவதால், இழுக்கும்போது நார்களைக் கிழித்துக்கொண்டு எளிதில் நழுவாது. முடிச்சை அறுந்த இடத்திலிருந்து தள்ளிப் போடும் 'கிஃப்ட் பாக்ஸ்' முறை அதையும் மிஞ்சியது. உண்மையில் தையலின் பெயருக்கு அவ்வளவு மகிமை இல்லை. அறுந்த இடத்தைக் கடக்கும் இழைகள் எத்தனை, நூல் எவ்வளவு தடிமன் என்பதில்தான் பாதி விஷயம் முடிந்துவிடுகிறது.

ஆனால் இயந்திரத்தில் மாட்டிய தசைநாணுக்குப் புண் சீழ் பிடிப்பதில்லை, நரம்பு மரத்துப்போவதில்லை. பெரும்பாலும் அறுவது குதிகால் எலும்புக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே. ரத்த ஓட்டம் குறைவு, மேலே மெல்லிய தோல். அங்கே நீளமாகக் கீறினால் புண் ஆறாமல் இழுத்தடிக்கலாம். சர்க்கரை நோயோ புகைப்பழக்கமோ இருந்தால் கூடுதல் கவலை. துளை வழித் தையலில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் ஊசி கண்ணுக்குத் தெரியாமல் போவதால், வெளிப்பக்கம் ஓடும் சூரல் நரம்பு சிக்கிக்கொள்ளலாம்.

நார்வேயில் 526 பேரை வைத்து நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. மறுபடி அறுந்தவர்கள் இரண்டு அறுவை முறைகளிலும் 0.6 சதவீதம்தான், அறுவையே செய்துகொள்ளாதவர்களில் 6.2 சதவீதம். நரம்புப் பாதிப்பு துளை வழியில் 5.2, திறந்த முறையில் 2.8 சதவீதம். ஓராண்டு கழித்துக் கால் எப்படி இயங்குகிறது என்று பார்த்தால், மூன்று தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. சோதனைக்கூடத்தில் தெரிந்த பலத்தின் வித்தியாசம் இங்கே காணாமல் போய்விட்டது.

ஓடும்போது இந்தத் தசைநாணில் உடல் எடையைப் போல 12 மடங்கு வரை விசை ஏறுவதாக அளந்திருக்கிறார்கள். எந்த நூலும் அதைத் தாங்காது. தசைநாண் தானே ஆறிப் பலம் பெறும்வரை இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்திருப்பதுதான் நூலின் வேலை. எனக்குப் பெரிய பயம், அதற்குள் தசைநாண் நீண்டு ஆறிவிடுவது. அப்புறம் ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கவே சிரமப்படுவீர்கள். ஷட்டிலில் எம்பி அடிப்பது எங்கே?

ஆகவே இரண்டு டாக்டர்களிடமும் இதைக் கேளுங்கள்: இந்த முறையில் அடிக்கடி செய்கிறீர்களா? பூட்ஸில் குதிகால் உயர்த்தி எத்தனை வாரம்? எப்போது காலை ஊன்றலாம்? பிசியோதெரபியை யார் கவனிப்பார்? தெளிவாகப் பதில் சொல்பவரிடம் போங்கள். நாள் கடத்தவும் வேண்டாம். வாரங்கள் போனால் முனைகள் விலகிச் சுருங்கி, துளை வழி கைகூடாமல் போகும். அண்மையில் சிப்ரோஃபிளாக்சசின் மாத்திரையோ, குதிகாலில் ஸ்டீராய்டு ஊசியோ எடுத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.