கலாபகோஸ்: எந்தத் தீவு, எந்த மாதம்?

கலாபகோஸ் போகப் போகிறேன் என்று யோசனை கேட்க வருகிறவர்கள் முதலில் செல்பேசியை எடுத்து ஒரு யாட்டின் படத்தைத்தான் காட்டுகிறார்கள். மேல்தளத்தில் வெந்நீர்த் தொட்டி, அறைக்கு அறை பால்கனி, சுருக்கமில்லாத வெள்ளை மெத்தை. படகு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அறையில் தூங்குவதைத் தவிர வேறு எதற்கும் உங்களுக்கு நேரம் இருக்காது. காலை ஆறரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தால், ராத்திரி கண் செருகும்வரை வெளியேதான். அதனால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தச் சுற்று, எந்த மாதம்?

ஈக்வடார் கரையிலிருந்து மேற்கே சுமார் 1,000 கிலோமீட்டரில், பசிபிக் நடுவே கிடக்கும் எரிமலைத் தீவுகள் இவை. பூமிக்கு அடியில் கொதிக்கும் இடம் அதே இடத்தில் இருக்க, மேலே உள்ள நாஸ்கா தட்டு கிழக்குப் பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே கிழக்கே இருக்கும் எஸ்பனோலாவும் சான் கிறிஸ்டோபலும் வயதான தீவுகள், தேய்ந்து தணிந்துவிட்டன. மேற்கே இசபெலாவும் ஃபெர்னாண்டினாவும் இளசு, இன்னும் வெடிக்கின்றன. இசபெலாவின் வோல்ஃப் எரிமலை 2022-இல் வெடித்தது, ஃபெர்னாண்டினா 2024-இல். தீவுக்குத் தீவு வயதும் வேறு, ஈரமும் வேறு, குடியிருக்கும் உயிரும் வேறு. பறக்க மறந்த நீர்க்காகம் இசபெலாவிலும் ஃபெர்னாண்டினாவிலும் மட்டும்தான் உண்டு. அலைக்கோடு போட்ட அல்பட்ராஸ் கிட்டத்தட்ட மொத்தமும் எஸ்பனோலாவில்தான் முட்டையிடுகிறது. சிவப்புக்கால் பூபிப் பறவையைக் கூட்டமாகப் பார்க்க வடக்கே ஹெனோவேசாவுக்குப் போக வேண்டும். ‘கலாபகோஸ் பார்த்துவிட்டேன்’ என்று சொல்கிற ஒருவர் இந்த மூன்றில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் திரும்பியிருக்கலாம்.

இதற்கு ஒரு விதியும் காரணம். ஒரே படகு ஒரே இடத்துக்கு 14 நாளைக்குள் இரண்டாம் முறை பயணிகளைக் கூட்டிப்போகக் கூடாது என்று தேசியப் பூங்கா 2012-இல் முறை வைத்தது. ஆகவே ஒவ்வொரு படகும் இரண்டு வாரத்துக்கு ஒரு நீண்ட பாதை வைத்துக்கொண்டு, அதைத் துண்டு போட்டு விற்கிறது. இந்த வாரம் மேற்குச் சுற்று என்றால் அடுத்த வாரம் தெற்கும் கிழக்கும். அதே படகு, அதே விலை, அதே சமையல்காரர். ஆனால் பார்க்கப்போகும் விலங்குகள் வேறு. பதிவு செய்யும் முன் அந்தப் பாதையை நாள் வாரியாக எழுதி வாங்குங்கள். ‘மத்தியத் தீவுகள்’ என்று மட்டும் சொல்லி மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

நாள் கணக்கையும் பார்க்க வேண்டும். எட்டு நாள் என்று விற்பார்கள். முதல் நாள் விமானம் வந்து இறங்கி, படகேறிச் சாப்பிட்டு முடிப்பதற்குள் மதியம் ஆகிவிடும். கடைசி நாள் காலை ஒரு சின்னச் சுற்றோடு விமான நிலையத்தில் விட்டுவிடுவார்கள். கையில் நிற்பது ஆறு முழு நாள். நாலு நாள் பயணம் என்றால் இரண்டு. அவ்வளவு தூரம் போய் இரண்டு நாளுக்கு நிற்பதில் எனக்குச் சம்மதமில்லை.

மாதம் அடுத்த கேள்வி. ஜனவரி முதல் மே வரை வெயில், இடையிடையே மழை. கடல் சாந்தம், தண்ணீரும் இதமாக இருக்கும். ஜூன் முதல் நவம்பர் வரை கருவா காலம்: சாம்பல் வானம், மெல்லிய தூறல், குளிர்ந்த கடல், ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை நல்ல ஆட்டம். இரண்டாவதை யாரும் பரிந்துரைப்பதில்லை. நான் பரிந்துரைப்பேன். தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டமும் மேற்கிலிருந்து ஆழத்தில் வரும் குரோம்வெல் நீரோட்டமும் சத்துள்ள குளிர்நீரை மேலே கொண்டுவரும் காலம் அது. மீன் பெருகும், மீன் தின்னும் எல்லாமும் சுறுசுறுப்பாகும். அல்பட்ராஸும் ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரைதான் கரையில் இருக்கும். பிப்ரவரியில் எஸ்பனோலாவுக்குப் போனால் வெறும் பாறை முனைதான். பறவை பெரு நாட்டுக் கடல் பக்கம் போயிருக்கும்.

நாங்கள் போனது அக்டோபர். என் மனைவிக்குப் பேருந்தில் மலை ஏறினாலே தலை சுற்றும். அதனால் அறை தேர்ந்தெடுப்பதில் கவனமாக இருந்தோம். கீழ்த்தளம், நடுப்பகுதி: ஆட்டம் அங்கேதான் குறைவு. மேல்தளத்துப் பால்கனி அறைக்குக் கூடுதல் காசு கொடுத்தவர்கள்தான் ஹெனோவேசாவுக்குப் போன இரவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் பக்கவாட்டில் குறைவாகச் சாயும், ஆனால் அலையில் வெடுக் வெடுக்கென்று குலுங்கும். சிலருக்கு அதுதான் ஒத்துக்கொள்ளாது. மாத்திரையைக் குமட்டல் வந்தபின் போட்டுப் பயனில்லை. மாலையில் வழித்தட விளக்கம் சொல்லும்போதே இன்று இரவு நீண்ட ஓட்டமா என்று கேட்டுக்கொண்டு, கிளம்புவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். எந்த மாத்திரை என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கி, ஒருமுறை வீட்டில் போட்டுப் பாருங்கள். சிலது அரை நாள் தூக்கம் வரவழைக்கும்.

பதினாறு பேர் ஏறும் படகு எனக்குப் போதுமானதாக இருந்தது. பூங்கா அனுமதி பெற்ற வழிகாட்டி ஒருவருக்கு அதிகபட்சம் 16 பயணிகள் என்பது கணக்கு. அவர் இல்லாமல் கரையில் கால் வைக்க முடியாது. நூறு பேர் போகும் கப்பல்களும் உண்டு. அவை ஆடுவது குறைவு, வயதானவர்களுக்கு வசதி. ஆனால் எல்லாரும் இறங்கி ஏறுவதற்கே நேரம் போகும்.

யாட்டு நடுக்கடலில் நிற்கும். கரைக்குப் போவது பங்கா என்கிற ரப்பர்ப் படகில். வெட் லேண்டிங் என்றால் முழங்கால் அளவு தண்ணீரில் குதித்து நடக்க வேண்டும், டிரை லேண்டிங் என்றால் பாறையிலோ படிக்கட்டிலோ எட்டி வைக்க வேண்டும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், பாசி வழுக்கும் டிரை லேண்டிங்தான் ஆபத்தானது. படகோட்டி கை நீட்டினால் விரலைப் பிடிக்கக் கூடாது. அவர் முன்கையை நீங்களும் உங்கள் முன்கையை அவரும் பற்ற வேண்டும். ஒரு கை நழுவினாலும் மறு கை விடாது. வார் வைத்த செருப்பு ஒரு ஜோடி, அடிப்பாகம் தடித்த ஷூ ஒரு ஜோடி, தாடைக்கயிறு உள்ள தொப்பி: இவை இருந்தால் மற்றதெல்லாம் பிறகு. மூட்டு வலி உள்ளவர்கள் பார்த்தலோமே தீவைப் பற்றி முன்பே கேளுங்கள். உச்சிக்கு முந்நூற்றுக்கும் மேல் மரப்படிகள்.

தரையில் சில கட்டுப்பாடுகள். முளைக்குச்சி நட்ட பாதையை விட்டு விலகக் கூடாது, விலங்கிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், ஃபிளாஷ் கூடாது, மாலை ஆறுக்குள் தீவை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். இரண்டு மீட்டர் விதியை விலங்குகள் மதிப்பதில்லை என்பது வேறு விஷயம். நீலக்கால் பூபி நடைபாதையிலேயே முட்டையிட்டுத் தன் எச்சத்தால் வட்டம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நாம்தான் சுற்றிப் போக வேண்டும்.

அதனால் பீரங்கி மாதிரி லென்ஸ் வேண்டாம். 300 மி.மீ. போதும், பல நேரம் அதுவே அதிகம். அதைவிட முக்கியமானது, நகராமல் இருப்பது. ஃபெர்னாண்டினாவின் பூந்தா எஸ்பினோசாவில் எங்கள் கூட்டம் மளமளவென்று படமெடுத்துக்கொண்டு முன்னேறிவிட்டது. நான் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு, அவர் பார்வைக்குள்ளேயே ஒரு கரும்பாறை ஓரம் உட்கார்ந்துவிட்டேன். எதிரே நூற்றுக்கணக்கில் கடல் இகுவானாக்கள், ஒன்றின் மேல் ஒன்று கால் போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தன. குளிர்நீரில் பாசி மேய்ந்துவிட்டு வந்த உடம்பு சூடேறினால்தான் அவற்றுக்கு அசைவு. திடீரென்று ஒன்று மூக்கால் பீச்சும். கண்ணுக்கு மேலே இருக்கும் சுரப்பி பிரித்தெடுத்த உப்பு அது. திரும்பத் தலையிலேயே விழுந்து காய்ந்து, எல்லாத் தலையிலும் வெள்ளைப் பூச்சு. எல் நினோ ஆண்டுகளில் பாசி அற்றுப்போகும்போது இவற்றின் உடல் நீளமே சுருங்கி, பஞ்சம் தீர்ந்ததும் மறுபடி வளரும். 1835-இல் இங்கு வந்த டார்வின் ஒரு கடல் இகுவானாவைப் பிடித்துத் தண்ணீரில் வீசிக்கொண்டே இருந்தார். அது ஒவ்வொரு முறையும் அவர் நின்ற இடத்துக்கே நீந்தி வந்தது. கரையில் அதற்கு எதிரி இல்லை, கடலில் சுறா உண்டு என்பதே காரணம் என்று அவர் ஊகித்தார். இன்று அப்படிச் செய்தால் அவரைப் பூங்காக்காரர்கள் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்.

உட்கார்ந்திருந்ததால்தான் நீர்க்காகமும் கிடைத்தது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூடு. மேலே ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. கடலிலிருந்து ஏறி வந்த ஜோடி, வாயில் ஒரு கொத்துக் கடற்பாசியோடு தத்தித் தத்தி வந்து, அதைக் கூட்டில் இருந்ததிடம் கொடுத்தது. அது வாங்கி ஓரத்தில் செருகியது. பிறகுதான் ஆள் மாறின. வந்தது இறக்கையை விரித்துக் காயப் போட்டது: இறகு உதிர்ந்து கிழிசலாக, பறப்பதற்குத் தேவையான அளவில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாத இறக்கை. துரத்த ஆள் இல்லாத தீவில் அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது. கண் மட்டும் பளிச்சென்ற நீலப்பச்சை. முன்னே போனவர்கள் திரும்பி வந்தபோது ஆள் மாற்றம் முடிந்துவிட்டது.

ஹெனோவேசாவில் பார்த்ததைச் சொல்லாமல் விட முடியாது. நாஸ்கா பூபி பல நேரம் இரண்டு முட்டை இடும். முதல் குஞ்சு பிழைத்தால், பிறகு பொரிப்பதை அது கூட்டைவிட்டு வெளியே தள்ளிவிடும். தாய் தடுக்காது. இரண்டாவது முட்டை, முதலாவது பொரிக்காமல் போனால் உதவும் என்பதற்காக மட்டும். நாங்கள் நின்ற இடத்துக்கு எதிரே அப்படி ஒரு குஞ்சு கூட்டுக்கு வெளியே தலையாட்டிக்கொண்டு கிடந்தது.

“தூக்கி உள்ளே வைக்கக் கூடாதா?” என்றாள் மனைவி.

“வைத்தாலும் மறுபடி தள்ளும், மேடம். நாங்கள் எதையும் தொடுவதில்லை” என்றார் வழிகாட்டி. அவர் அதைச் சொல்லாத பயணம் இருக்காது என்று குரலில் தெரிந்தது. குழந்தைகளோடு போகிறவர்கள் இதற்கு அவர்களை முன்கூட்டித் தயார் செய்துவிடுவது நல்லது. கடற்சிங்கக் குட்டி பாலுக்கு அலைவதையும் பார்க்க நேரும். தாய் கடலில் சுறாவுக்கு இரையாகியிருந்தால் வேறெதுவும் அதற்குப் பால் கொடுக்காது.

விலங்கே இல்லாத இடங்களையும் பாதையில் பார்த்தால் தள்ளாதீர்கள். சாந்தியாகோ தீவின் சலிவன் விரிகுடாவில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஓடி உறைந்த குழம்பின் மேல் நடக்கலாம். மேல்தோல் ஆறி இறுக, அடியில் இன்னும் ஓட்டம் இருந்ததால், பால் ஏடு சுருங்குவதுபோல் மடிப்பு மடிப்பாக நிற்கிறது. இசபெலாவின் உர்பினா விரிகுடாவில் 1954-இல் கடலடி நாலு மீட்டருக்கு மேல் சட்டென்று எழும்பியது. நீருக்கடியில் இருந்த பவளத்திட்டுகள் இன்று புதருக்கு நடுவே வெயிலில் நிற்கின்றன.

தண்ணீருக்கு வருவோம். நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது, தெரிந்தவர்களும் கிணற்று நீச்சல்காரர்கள். ஸ்நார்க்கல் மாட்டி வாயால் மூச்சு விடுவதை ஊரிலேயே ஒரு குளத்தில் பழகிவிடுங்கள். நடுக்கடலில் முதல் பாடம் வேண்டாம். லைஃப் ஜாக்கெட் கேட்டால் தருவார்கள், கூச்சப்படத் தேவையில்லை. நீச்சல் உடைக்குத் தயங்கும் பெண்களுக்கு, முழுக்கை ரேஷ் கார்டும் நீளக் கால்சட்டையும் போதும். நிலநடுக்கோட்டு வெயிலுக்கு அதுதான் புத்திசாலித்தனமும். மேற்கே தண்ணீர் 20 டிகிரிக்கும் கீழே போகும், வெட்சூட் இல்லாமல் பத்து நிமிடம் தாங்காது. அளவு சரியா என்று முதல் நாளே போட்டுப் பாருங்கள். அந்தக் குளிருக்குக் கிடைத்த கூலி: ஒரு பெங்குவின் என் முகமூடிக்கு முன்னால் குறுக்கே பாய்ந்து மீன் கூட்டத்தைக் கலைத்தது.

சாப்பாட்டில் சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள், மீனும் முட்டையும் உண்டா இல்லையா என்பதோடு சேர்த்து. இல்லையென்றால் சாலட்டில் டூனா வரும். சோறு தினமும் உண்டு; கூடவே மெனெஸ்த்ரா என்கிற பயறுக் குழம்பு, வாழைக்காயை நசுக்கிப் பொரித்த பதகோன், மரவள்ளி. உறைப்பு கம்மி என்று தோன்றினால் ‘அஹி’ கேளுங்கள், மிளகாய்த் துவையல் ஒரு கிண்ணம் வரும். ஊரிலிருந்து பழம், விதை, பச்சைக் காய்கறி எதுவும் கொண்டுபோக முடியாது. ஈக்வடாரில் விமானம் ஏறும் முன்பே பெட்டியைச் சோதித்து முத்திரை வைப்பார்கள். ஒரு விதை அங்கே என்ன செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து வந்து பெருகிய ஆடுகளை ஒழிக்கவே பல ஆண்டுகள் பாடுபட்டவர்கள்.

பணம் டாலர்தான், ஈக்வடாரின் நாணயமே அது. வெளிநாட்டவர் பெரும்பாலோருக்குப் பூங்கா நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்டிலிருந்து 200 டாலர், தீவுக்குள் நுழையும் அட்டைக்குத் தனிக் கட்டணமும் உண்டு. ரொக்கமாக, கசங்காத நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரவு ஊழியர்களுக்கும் வழிகாட்டிக்கும் தனித்தனி உறையில் அன்பளிப்பு கொடுப்பது வழக்கம். அதற்கும் சின்ன நோட்டு வேண்டும். தீவு நேரம் ஈக்வடார் தரைப்பகுதியைவிட ஒரு மணி பின்னே. திரும்பும் விமானத்துக்கு இதை மறந்தால் சிக்கல். தொடர் விமானத்தை அன்றைக்கே வைக்காமல் தரைப்பகுதி நகரமான குவாயக்கிலில் ஒரு இரவு தங்குங்கள். அந்த அறையின் தரை ஆடுவது போலிருந்தால் பயப்படாதீர்கள், ஓரிரு நாளில் நின்றுவிடும்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஈக்வடார் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. திரும்பி இந்தியாவில் இறங்கும்போது தடுப்பூசிச் சான்றிதழ் இல்லையென்றால் ஆறு நாள்வரை தனியே வைக்க விதி உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், முன்பதிவு செய்துகொண்டு போங்கள். சான்றிதழாகத் தரும் மஞ்சள் புத்தகத்தைப் பெட்டிக்குள் போடாமல் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். கேட்பது பெட்டி வருவதற்கு முன்பு.