காலக்கெடுவைக் கணக்கிடும் முறை

கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்கு நீர் தரும் பெரியாற்று அணையின் குத்தகைப் பத்திரம், 1886-ம் வருஷம் அக்டோபர் மாதம் 29-ந் தேதி, திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் இந்தியா மந்திரிக்கும் இடையே எழுதப்பட்டது. நீர் தேங்கும் 8,000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய் குத்தகை. கெடு 999 வருஷம். கையெழுத்தானது அக்டோபரிலாயினும், கணக்கு அவ்வருஷம் ஜனவரி 1-ந் தேதியிலேயே தொடங்குகிறது. பத்திரம் எழுதிய நாள் வேறு, கெடு ஓடத் தொடங்கும் நாள் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் இப்பக்கத்தில் கிடையாது. அந்த முதல் நாளைச் சேர்த்து எண்ணினால் குத்தகை 2884 டிசம்பர் 31-ல் முடியும். விலக்கி எண்ணினால் 2885 ஜனவரி 1-ல் முடியும். 999 வருஷத்தில் ஒரு நாள் அற்பமே. ஆனால் மூன்று வருஷக் கெடுவுள்ள பிராமிசரி நோட்டில் அதே ஒரு நாள் முதலையும் வட்டியையும் ஒருங்கே கொண்டுபோய்விடும்.

இது குறித்த பொதுவிதி 1897-ம் வருஷத்துப் பொது ஷரத்துகள் சட்டத்தின் 9-வது பிரிவிலும், 1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தின் 12-வது பிரிவிலும் காணப்படும். எந்த நாளிலிருந்து கெடு எண்ணப்படுகிறதோ அந்த நாள் தள்ளப்படும். கடைசி நாள் சேர்க்கப்படும். கேட்டபொழுது கொடுப்பதாக 2023 மார்ச் 15-ல் எழுதிய நோட்டுக்கு வழக்கிடும் கெடு 2026 மார்ச் 15-ல் முடிவடைந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. கோர்ட்டு மூடியிருக்கும் நாளில் கெடு முடிந்தால் மறுபடி திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாமாதலால், 16-ந் தேதி திங்கட்கிழமை கொடுத்த பிராது செல்லும்.

இவ்விடத்தில் பலர் ஏமாறுகின்றனர். அச்சலுகை கோர்ட்டில் தாக்கல் செய்வதற்கு மட்டுமே. கடன்பட்டவர் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திடுவதாயினும், நோட்டின் பின்புறம் ஒரு தொகையை வரவு வைத்துக் கையொப்பமிடுவதாயினும், அது 15-ந் தேதிக்குள்ளாகவே நடந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை வைத்த வரவினால் புதிய மூன்று வருஷம் பிறவாது. தாமதத்தை மன்னிக்கும்படி அப்பீலில் தக்க காரணம் காட்டிக் கேட்கலாம். அசல் வழக்குக்கு அவ்வழியும் இல்லை. பரிதாபத்துக்குரிய வழக்குகளிலுங்கூட இவ்விதி இளகுவதில்லை.

மாதமென்பது யாது? சட்டத்தில் மாதமும் வருஷமும் ஆங்கிலப் பஞ்சாங்கப்படியே. ஆடி, ஆவணியும் அல்ல, முப்பது நாளும் அல்ல. ஜூலை 1-ல் கிடைத்த உத்தரவுக்கு மூன்று மாதக் கெடு அக்டோபர் 1-ல் முடியும். 90 நாள் கெடுவாயின் செப்டம்பர் 29-லேயே முடிந்துவிடும். மூன்று மாதமும் 90 நாளும் ஒன்றல்லவென்று உச்ச நீதிமன்றம் 2010-ல் ஹிமாசலப் பிரதேச வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. கிரயப் பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுபோக எழுதிய நாளிலிருந்து நான்கு மாதம் உண்டு. அக்டோபர் 30-ல் எழுதியதற்குப் பிப்ரவரியில் 30-ந் தேதி இல்லாமையால் அம்மாதக் கடைசி நாளே எல்லை.

பசலி வருஷம் ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிவது. அது கிராமக் கணக்குக்கு உரியது. பசலியை மட்டும் குறித்து எழுதிய குத்தகைச் சீட்டில் தகராறு எளிதில் கிளம்பும். அதைவிடக் கெடுதலானது "முதற்போகம் முடியும் வரை" என்பது. பெரியாற்று நீர் ஜூன் மாதத் தொடக்கத்தில் திறக்கப்படுவது வழக்கமாயினும், அணையின் இருப்பு குறைந்த வருஷங்களில் தாமதப்படும். நடவும் அறுப்பும் அவ்வாறே தள்ளிப்போகும். அப்படியானால் குத்தகைதாரர் எந்த நாளில் நிலத்தை விடவேண்டும்? ஆகையால் தமிழ் மாதத்தை எழுதினாலும், தொடங்கும் தேதியையும் முடியும் தேதியையும் ஆங்கிலக் கணக்கில் எழுதி, "இவ்விரு நாட்களும் உட்பட" என்னும் சொற்களைச் சேர்த்தல் வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர்கள் நோட்டீசு சேர்ப்பிக்கும்பொழுது, பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தின் கீழ்த் தேதியையும் அவர் கையாலேயே எழுதி வாங்குதல் நலம். உத்தரவு கிடைத்த நாளிலிருந்து எண்ணப்படும் அப்பீல்களில் கெடு ஓடத் தொடங்குவது அந்தத் தேதியிலிருந்தேயாகும். தீர்ப்பின் நகலுக்கு மனுச் செய்தால், நகல் பெறுவதற்குச் சென்ற நாட்கள் அப்பீல் கெடுவில் தள்ளப்படுமாதலால், மனுக் கொடுத்த தேதியும் நகல் தயாரான தேதியும் நகலின் மேல் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.