சொந்தக் கையால் ஒரு கம்ப்யூட்டர்: பாகம் பார்த்து வாங்குவது எப்படி?



தலைநகரில் வாழும் நம் குடும்பங்களில் வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், ஆண்டுக்கொரு முறை ஊருக்குப் போய்வரும் ரயில் செலவு எல்லாம் போக மிஞ்சுவது சொற்பமே. அந்தச் சொற்பத்தில் பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்றால், பாகங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பொருத்துவது நல்ல வழி. நாளை ஒரு பாகம் பழுதானால் அதை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் தப்பான பாகத்தை வாங்கிவிட்டால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும். நான் பட்டுத் தெரிந்துகொண்டதை நீங்கள் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2023ஆம் ஆண்டு என் மகள் பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தாள். பைத்தான் என்ற கணினி மொழி பாடத்தில் உண்டு. கையிலிருந்தது 40,000 ரூபாய். சீட்டு எடுத்த பணம். அதற்கு மேல் அதிகம் செலவழிக்க வழியில்லை.

எதற்காக வாங்குகிறோம்?

முதலில் இதைத் தீர்மானியுங்கள். பாடம், தட்டச்சு, நிரல் எழுதுதல், இணைய வகுப்பு ஆகியவற்றுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. பெரிய விளையாட்டுகளுக்கும் கனமான வீடியோ வேலைக்கும்தான் அது வேண்டும். அதன் விலையே நம் பட்ஜெட்டில் பாதியை விழுங்கிவிடும். ஆகவே படம் காட்டும் பகுதி உள்ளேயே அமைந்த பிராசஸரை வாங்க வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இன்டெல் பிராசஸரின் பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தால் அதில் படம் காட்டும் பகுதி கிடையாது. ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600இல் அது இல்லை. 5600ஜி என்பதில் உண்டு. 'எஃப்' வகை மலிவாகக் கிடைக்கும். வாங்கி வந்து பொருத்தினால் திரை இருட்டாகவே இருக்கும்.

பிராசஸரும் மதர்போர்டும்

இரண்டும் ஜோடிப் பொருத்தம் பார்த்து வாங்க வேண்டியவை. பிராசஸர் உட்காரும் இடத்துக்குச் சாக்கெட் என்று பெயர். ஏ.எம்.டி.யில் 2016இல் வந்த ஏ.எம்.4, 2022இல் வந்த ஏ.எம்.5 என இரண்டு சாக்கெட்டுகள் கடைகளில் புழங்குகின்றன. ஒன்றுக்கு உரியது மற்றொன்றில் உட்காராது. ஏ.எம்.4 போர்டுக்கு டி.டி.ஆர்.4 வகை ராம், ஏ.எம்.5 போர்டுக்கு டி.டி.ஆர்.5 மட்டுமே. இன்டெலின் எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட்டில் இருவகைப் போர்டுகளும் உண்டு. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துத்தான் வாங்க வேண்டும். இரண்டு வகை ராமிலும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிச் செருகவும் முடியாது.

நான் வாங்கியது 5600ஜி பிராசஸரும் பி450 வகை மதர்போர்டும். சனிக்கிழமை இரவு நானும் மகளும் உட்கார்ந்து பொருத்தினோம். பிராசஸரைத் தன் கையால்தான் வைப்பேன் என்று அவள் ஆசைப்பட்டாள், வைத்தாள். மின்சாரம் கொடுத்தோம். விசிறி சுழன்றது, திரையில் ஒன்றும் வரவில்லை. கழற்றி மாட்டினோம், அப்போதும் வரவில்லை. ஏ.எம்.4 பிராசஸரின் அடியில் மெல்லிய ஊசிகள் உண்டு, வளைந்தால் போயிற்று என்று எங்கோ படித்திருந்தாள் போலும். "அப்பா, நான் வெச்சதுலதான் கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை. மறுநாள் ஞாயிறு, கடை அடைப்பு. அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்களன்று கடைக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிராசஸர் 2021இல் வந்தது. போர்டு 2018இல் வந்த வகை. போர்டில் பதிந்துள்ள பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருள் பழையது. அதற்குப் புதிய பிராசஸரை அடையாளம் தெரியவில்லை. பழைய பிராசஸர் ஒன்றை வைத்து, பென் டிரைவிலிருந்து புதிய பயாஸை ஏற்றிக் கொடுத்தார். பத்து நிமிட வேலை, 300 ரூபாய். வீட்டுக்கு வந்து, பிராசஸரை மறுபடியும் அவளையே வைக்கச் சொன்னேன்.

ஆகவே மதர்போர்டு வாங்கும்போது, "இந்தப் பிராசஸருக்கு ஏற்ற பயாஸ் இதில் உள்ளதா?" என்று கேளுங்கள். பிராசஸர், போர்டு, ராம் மூன்றையும் ஒரே கடையில் வாங்கி, கண்ணெதிரே ஒருமுறை திரையில் எழுத்து வரவைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

ராமும் எஸ்.எஸ்.டி.யும்

16 ஜி.பி. ராம் வேண்டும் என்றால் 16 ஒன்றாக வாங்காமல் 8 இரண்டாக வாங்குங்கள். ஒரு குழாய்க்குப் பதில் இரண்டு குழாயில் தண்ணீர் வருவது போல, தகவல் இரண்டு வழியில் போய்வரும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் திரைக்கான வேலைக்கும் இதே ராம்தான் பயன்படுவதால் வேறுபாடு நன்றாகத் தெரியும்.

பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. வாங்குவதே சரி. சாட்டா வகை நொடிக்குச் சுமார் 550 எம்.பி. வரை படிக்கும், என்.வி.எம்.இ. வகை அதைப்போலப் பல மடங்கு. ஆனால் மிக விலையுயர்ந்த நான்காம் தலைமுறை எஸ்.எஸ்.டி. 5600ஜிக்கு வீண் செலவு. அந்தப் பிராசஸர் மூன்றாம் தலைமுறை வேகத்துக்கு மேல் போகாது.

எஸ்.எம்.பி.எஸ்.: கண்ணுக்குத் தெரியாத காவலன்

பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி இது. கேபினெட்டோடு "இலவசமாக" வரும் பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்.ஸை நம்ப வேண்டாம். எங்கள் அடுக்குமாடியில் ஒரு நண்பர் அப்படி வந்ததைப் பொருத்தினார். எட்டாம் மாதம் அது புகைந்தது. போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போயிற்று. '80 பிளஸ்' முத்திரையும் பல ஆண்டு வாரண்டியும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 5600ஜி 65 வாட் வகை. தனி கார்டு இல்லாத இத்தகைய கம்ப்யூட்டருக்கு 450 வாட் தாராளம்.

டில்லியின் மே மாத வெயிலையும் புழுதியையும் மறக்க வேண்டாம். முன்புறம் காற்று நுழைய வழியும் கழற்றிக் கழுவும் வலையும் உள்ள கேபினெட் போதும். வண்ண விளக்குக்குக் காசு கொடுக்காதீர்கள்.

என் கணக்கு

2023இல் நான் கொடுத்த விலை இது:

பிராசஸர் ரூ. 12,000
மதர்போர்டு ரூ. 5,800
ராம், 8 ஜி.பி. இரண்டு ரூ. 3,400
எஸ்.எஸ்.டி., 500 ஜி.பி. ரூ. 2,700
எஸ்.எம்.பி.எஸ். ரூ. 3,300
கேபினெட் ரூ. 2,300
மானிட்டர், 22 அங்குலம் ரூ. 7,200
கீபோர்டு, மவுஸ் ரூ. 900
யு.பி.எஸ்., 600 வி.ஏ. ரூ. 2,600
மொத்தம் ரூ. 40,200

பயாஸுக்குக் கொடுத்த 300 தனி. இந்த விலைகளை அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். 2025இன் கடைசி மாதங்களில் ராம் விலை கடுமையாக ஏறியது, எஸ்.எஸ்.டி.யும் அதைத் தொடர்ந்தது. போகிற நாளின் விலையை மூன்று கடையில் கேட்டுக் கணக்குப் போடுங்கள். பணம் போதாவிட்டால் இப்போதைக்கு 8 ஜி.பி. ராம் ஒன்று மட்டும் போட்டு, மற்றொரு இடத்தைக் காலியாக விடலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கடையில் கவனிக்க வேண்டியவை

நேரு பிளேஸுக்குப் போகிறவர்கள் வாரநாளில் போங்கள். கச்சா பில் என்றால் கொஞ்சம் குறைத்துத் தருவதாகச் சொல்வார்கள். வேண்டாம், பாகத்தின் வரிசை எண் எழுதிய பக்கா பில்லையே கேளுங்கள். வாரண்டிக்கு அதுதான் சாட்சி.

விடுமுறைக்குச் சென்னை போகும்போது ரிச்சி தெருவில் வாங்கி வரலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. நாடெங்கும் ஒரே விகிதம். கம்ப்யூட்டர் பாகங்களுக்கு 18 சதவீதம். ஆகவே வரியில் லாபமில்லை. முதல் வாரத்தில் ஏதாவது கோளாறு என்றால் மாற்றிக்கொள்ளச் சென்னைக்கா ஓடுவது? இருக்கும் ஊரில் வாங்குவதே நல்லது.

பழைய கம்ப்யூட்டரை மலிவாக வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. இன்டெலின் ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தியவையும், ஓரிரு விலக்குகள் தவிர, விண்டோஸ் 11க்கு ஏற்றவை அல்ல. உரிமமில்லாத விண்டோஸை ஏற்றித் தருகிறேன் என்று சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். காசில்லாமல் முறையாகக் கிடைக்கும் உபுண்டு இருக்கிறது; பள்ளிப் பாடத்துப் பைத்தானுக்கு அதுவே போதும்.

பொருத்தும்போது

மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, கேபினெட்டின் இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். பிராசஸரின் மூலையிலுள்ள சிறு முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வையுங்கள். அழுத்த வேண்டாம், தானே இறங்கும். ராமை மட்டும் 'கிளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும். 24 ஊசி மின்கம்பியோடு, பிராசஸருக்கான தனி மின்கம்பியையும் மறக்காமல் செருகுங்கள். திரை வராவிட்டால் பதறாதீர்கள். முதலில் இவற்றைச் சரிபாருங்கள்.

உபுண்டுவில் தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. எங்கள் வீட்டில் அந்தத் திங்கள் இரவு மகள் முதலில் தட்டியது பைத்தான் அல்ல; ஊரிலிருக்கும் பாட்டிக்கு நான்கு வரி. எழுத்துப் பிழை மூன்று இருந்தது. திருத்தாமல் அப்படியே அச்செடுத்து அனுப்பினோம்.